பழைய அச்செழுத்தின் விலை

ஓர் அச்சகம் மூடப்படும்போது அங்குள்ள பொருள்களுக்கு முதலில் விலை சொல்ல வருபவர் பெரும்பாலும் பழைய இரும்பு வாங்கும் வியாபாரியே. எழுத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு, இயந்திரத்துக்கு இவ்வளவு என்று அவர் தராசைக் கொண்டே கணக்கிடுவார். தந்தையின் தொழிலைக் கற்காத பிள்ளைகளுக்கு அதுவே நியாயமான விலையாகத் தோன்றும். ஆனால் அந்தத் தராசு ஒன்றை மட்டும் நிறுத்தறியாது. பெட்டியிலுள்ள எழுத்து குறைவின்றி இருக்கிறதா என்பதே அது. பழைய கோப்புக் கருவிகளின் மதிப்பு பெரும்பாலும் இந்த நிறைவிலேதான் தங்கியுள்ளது.

எடைக் கணக்கிலுங்கூட ஒரு நுட்பம் உண்டு. அச்செழுத்து வெறும் ஈயம் அன்று. கடினமும் கூர்மையும் பெறுவதற்காக அந்திமனியும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் ஓடி நிரம்புவதற்காக வெள்ளீயமும் அதிற் சேர்ப்பர். லைனோடைப் கலவையில் அந்திமனி ஏறக்குறைய 12 வீதமும் வெள்ளீயம் 4 வீதமும் இருக்கும். கையாற் கோப்பதற்கென வார்ப்புச்சாலைகள் வார்த்த எழுத்தில் இவ்விரண்டும் இன்னும் மிகுதி. வெள்ளீயம் ஈயத்திலும் பன்மடங்கு விலையுள்ளது. ஆகவே ஈய விலைக்கு விற்பவர் உலோகக் கணக்கிலேயே நட்டமடைகிறார். எழுத்து என்ற கணக்கில் அவர் அடையும் நட்டம் வேறு.

எழுத்தைப் பார்க்கச் செல்பவர் பெட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு எழுத்துக்களை எடுத்து வரிசையாக நிறுத்திப் பார்த்தல் வேண்டும். ஒவ்வோர் எழுத்தின் உடலிலும் ஒரு சிறு வெட்டுப்பள்ளம் உண்டு. எழுத்து நேராக நிற்கிறதா தலைகீழாக நிற்கிறதா என்பதைக் கோப்பவரின் பெருவிரல் அதனைத் தடவியே அறியும். பள்ளங்கள் ஒரே கோட்டில் அமைந்தால் நல்லது. முன்பின்னாக அமைந்தால் வேறு வார்ப்பு எழுத்துக் கலந்துவிட்டது எனக் கொள்ளலாம். அடுத்து உயரம். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.32 மில்லிமீற்றர். பிரெஞ்சு உயரமோ 23.56 மில்லிமீற்றர். கால் மில்லிமீற்றர்தானே என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று தாளில் ஆழப் பதியும். மற்றொன்று தாளைத் தொடவே தொடாது. பின்னர் மை தடவி ஒரு படி எடுத்தால், தேய்ந்த முகமும் நசுங்கிய முனையும் தாமே தெரியவரும். படி எடுக்க இணங்காத விற்பனையாளரிடம் உலோக விலைக்கு மேற் பேசத் தேவையில்லை.

தமிழ் எழுத்தாயின் நிறைவைக் கணிப்பது இன்னும் கடினம். உகர, ஊகார வரிசைகளுக்கு மாத்திரமே 36 தனி அச்சுக்கள் வேண்டும். ‘ஙூ’ இல்லையென்று எவரும் வருந்தப் போவதில்லை. ‘து’ போதாவிடின் இரண்டாம் பக்கத்தைக் கோக்க இயலாது. துதிக்கை போன்ற சுழியுடன் வார்த்த பழைய ணை, லை, ளை, னை என்பனவும், ஒரே உருவாக அமைந்த ணா, றா, னா என்பனவும் பெட்டியில் உளவா எனவும் காண வேண்டும். தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் வார்த்தவற்றில் இவ்வுருவங்கள் இராமலிருக்கலாம். பழைய பெட்டியைக் கொண்டு இருவகையாகவும் கோக்கலாம். புதிய பெட்டியைக் கொண்டு பழைய வகையிற் கோக்க முடியாது. இங்கே பழைமைக்கு விலை உண்டென்றால் அது இக்காரணத்தாலேயே, வயதினால் அன்று.

இத்தகைய பெட்டியை ஒரு கணத்தில் அழித்துவிடலாம். அறைகள் பல கொண்ட அம்மரப்பெட்டியைச் சுவரில் மாட்டிச் சிறு பொம்மைகளை அடுக்குவது மேல்நாடுகளில் ஒரு காலத்து நாகரிகமாயிற்று. அதற்காக எழுத்தைச் சாக்கிற் கொட்டினர். கொட்டிய எழுத்தைத் திரும்பப் பிரிக்கும் கூலி எழுத்தின் விலையையே விஞ்சிவிடும். சாக்கிலுள்ளது உலோகம் மாத்திரமே. இன்று பெட்டி ஒருவரிடமும் எழுத்து இன்னொருவரிடமுமாகச் சிதறிக் கிடப்பதற்கு இந்த அலங்கார ஆசை ஒரு காரணம்.

இயந்திரங்களில் நிலைமை வேறு. மெர்கெந்தாலர் அமைத்த லைனோடைப் 1886ஆம் ஆண்டு நியூயோர்க் ட்ரிபியூன் பத்திரிகையில் வேலை தொடங்கியது. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 1978 யூலையில் ஈயக் கோப்பைக் கைவிட்டது. எடை ஒரு தொன்னுக்கு மேற்பட்ட இவ்வியந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும், ஏற்றி இறக்கும் செலவை எண்ணித் தயங்குவோர் பலர். அதனை மதிப்பிடுபவர் வண்ணப்பூச்சைப் பாராது, எழுத்துருவம் குழிவாகப் பதிந்த சிறு பித்தளை அச்சுக்களைப் பார்க்க வேண்டும். மேட்ரிக்ஸ் எனப்படும் இவற்றின் மெல்லிய பக்கச்சுவர் தேய்ந்துவிட்டால் உருகிய உலோகம் இடையே கசியும். அச்சிட்ட வரியில் எழுத்துக்களுக்கிடையே மயிரிழை போன்ற கோடுகள் விழும். அக்கோடுகளைக் கண்டபின் இயந்திரத்தின் பளபளப்பைப் புகழ்வது வீண்.

மோனோடைப் இரு பகுதிகளாக வேலை செய்வது. விசைப்பலகை ஒரு தாட்சுருளில் துளையிடும். வார்ப்பியந்திரம் அத்துளைகளைக் காற்றழுத்தத்தால் வாசித்து ஒவ்வோர் எழுத்தாக வார்க்கும். மேட்ரிக்ஸ் அடங்கிய சட்டம், எழுத்தின் அகலத்தை வரையறுக்கும் உருக்கு ஆப்பு, எழுத்தின் உடலை வார்க்கும் அச்சு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருத்தல் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்த ஆப்புத் தொலைந்தால் அச்சட்டத்திலுள்ள எழுத்து முழுவதும் பயனற்றுப்போகும். பழைய இரும்போடு முதலிற் போவதும் அதுவே. பார்ப்பவருக்கு அஃது ஓர் இரும்புத் துண்டு.

விற்க எண்ணுபவர் பெட்டிகளை நகர்த்துமுன் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வரி கோத்துப் படி எடுத்து, அப்பெட்டியிலேயே ஒட்டிவைத்தல் நன்று. தொலைவிலிருந்து வாங்குபவருக்கு அந்த ஒரு வரி போதும். இயந்திரத்தின் அருகிலுள்ள இழுப்பறைகளையும் அடிவரை துழாவி, கண்ட சிறு உறுப்புக்களை இயந்திரத்தோடேயே கட்டிவைக்க வேண்டும். வெண்பொடி பூத்த எழுத்து கண்ணிற்பட்டால் அதனை வாயால் ஊதித் துடைத்தல் ஆகாது. அப்பொடி ஈயத்தின் நஞ்சு. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கையைக் கழுவ வேண்டும்.