கைபேசியின் முகப்பு



ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவோர் உளர். இசை பொழிவோர் உளர். இவற்றிற்கிடையே, கைபேசியின் முகப்புத் திரையைத் துப்புரவாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசுக என்று செயற்குழுவினர் நம்மைப் பணித்தபோது, இதுவும் ஒரு பொருளோ என நண்பர் சிலர் நகைத்தனர். நகைப்பதற்குரிய பொருளன்று இது. நம் காலனியிலே இரவுப் பணிக்குச் செல்வோர் பலர். அவ்விரவுகளில் வீட்டிலிருப்போர் மூத்த தாயாரும் சிறு குழந்தைகளுமே. அண்டை வீட்டார் மொழி அத்தாயாருக்கு முழுதும் வாராது. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் அவர் கைக்கு எட்டுவது பேசி ஒன்றே. அதைத் திறந்தாலோ எண்பது படங்கள்! மகனை அழைக்கும் படம் எது, பேரன் ஏற்றிய விளையாட்டு எது என்று அவர் தேடும் நேரம் சிறு நேரமன்று.

2007-ஆம் ஆண்டில் முதல் ஐபோன் வெளிவந்தபோது, வெளியார் செயலிகளை அதில் ஏற்றுதற்கு வழியே இல்லை. 2008-இல் செயலிக் கடை திறக்கப்பெற்றது. ஆண்ட்ராய்டுப் பேசியும் அவ்வாண்டிலேயே வந்தது. அன்று தொடங்கிய நெரிசல் இன்றும் ஓயவில்லை.

எழுத்தர் மேசையை நினைந்து பாருங்கள். இன்றைய கோப்பு, முத்திரை, மைத்தட்டு ஆகியவை மேசை மேல் இருக்கும். மற்றவை பீரோவில் இருக்கும். பீரோவில் உள்ளதால் அவை தொலைந்து போயின என்று எவரும் அழுவதில்லை. கைபேசியிலும் அவ்வாறே. முகப்புத் திரை மேசை. விரலால் மேல்நோக்கித் தள்ளினால் தோன்றும் செயலிப் பட்டியல் பீரோ. ஐபோனில் 2020-ஆம் ஆண்டு முதல், கடைசிப் பக்கத்திற்கும் அப்பால் இத்தகைய நூலகம் ஒன்று உண்டு. சில நிறுவனத்தாரின் ஆண்ட்ராய்டுப் பேசிகளில் பீரோவே இல்லாது எல்லாம் முகப்பிலேயே கொட்டிக் கிடக்கும். அமைப்புகளுள் முகப்புத் திரை என்னும் பகுதிக்குச் சென்றால் அதனை மாற்றிக்கொள்ளலாம்.

தாய்மார்கள் பலர் அஞ்சுவது ஓர் இடத்திலே. படத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு சொற்கள் தோன்றும். ‘அகற்று’ என்பது மேசையிலிருந்து எடுத்துவிடுதல்; செயலி பீரோவில் நலமாக இருக்கும். ‘நிறுவல் நீக்கு’ என்பது வீட்டைவிட்டே அனுப்பிவிடுதல். இவ்வேறுபாட்டை அறிந்தோர் அஞ்சாமல் அகற்றலாம்.

எவற்றை வைத்துக்கொள்வது? அன்றாடம் தொடுபவற்றை மட்டுமே. அழைப்பு, செய்தி, புகைப்படக்கருவி, பணம் செலுத்தும் செயலி ஒன்று, இவற்றோடு நம்மவர்க்கு வண்டி பற்றிய செயலி. 2025 ஜூலையில் வெளிவந்த ரெயில்ஒன் செயலி பயணச்சீட்டு, வண்டியின் நிலை, உணவு ஆகியவற்றை ஒரே இடத்திலே தருவதால், மூன்று படங்கள் இருந்த இடத்தில் ஒன்று போதும். பணம் செலுத்தும் செயலியின் பக்கத்திலே குழந்தையின் விளையாட்டை வைப்பது மட்டும் கூடவே கூடாது.

புதிதாக ஏற்றும் செயலி தானாகவே முகப்பில் வந்து அமர்வதும் உண்டு. ‘புதிய செயலிகளை முகப்பில் சேர்’ என்னும் அமைப்பை அணைத்துவிட்டால், இன்று கூட்டியது நாளையும் கூட்டியதாகவே இருக்கும். படங்களின் மேல் தோன்றும் சிவப்புப் புள்ளிகளும் நம்மை ஓயாது அழைப்பவை. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிய செயலி அறிவிப்பு அனுப்புமுன் நம் இசைவைக் கேட்கின்றது. நாமோ படித்துப் பாராமல் ‘அனுமதி’ என்று அழுத்திவிடுகின்றோம்!

திரையின் பின்னணி பற்றி ஒரு சொல். பழனியாண்டவர் படத்தைப் பின்னணியாக இட்டு, அவர் திருமுகத்தின் மேலேயே கடைச் செயலியை ஒட்டி வைத்திருப்போரைக் காண்கின்றோம். பூட்டுத்திரையில் ஆண்டவரை வைத்து வணங்குங்கள்; முகப்பிலே ஒரே நிறம் இருக்கட்டும். கறுப்பாயின், ஓலெட் திரையுள்ள பேசியில் மின்கலமும் சிறிது மிஞ்சும். அத்திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கறுப்புப் புள்ளி அணைந்தே கிடக்கும். எல்சிடி திரையிலோ பின்விளக்கு எப்போதும் எரிவதால் இந்த ஆதாயம் இல்லை.

இனி, இளைஞர் விரும்பும் அழகுக்கு வருவோம். படங்களின் பெயர்களை நீக்குவதும், எல்லாப் படங்களையும் ஒரே நிறமாக்குவதும் இன்றைய நாகரிகம். ஆண்ட்ராய்டில் 2022-லும், ஐபோனில் 2024-லும் இவ்வொரு நிற வசதி வந்தது. அவர்கள் பேசியில் அவர்கள் செய்துகொள்ளட்டும். பாட்டியின் பேசியில் செய்யவேண்டா. பழைய நெம்புகோல் கேபினைக் கண்ட பெரியோர் இங்கே இருக்கின்றனர். நிறுத்தக் கைகாட்டிக்குரிய நெம்புகோல் சிவப்பு, பாயிண்டுக்குரியது கறுப்பு, பூட்டுக்குரியது நீலம், வேலையற்றது வெள்ளை. அழகாயிருக்கும் என்று அனைத்திற்கும் சாம்பல் நிறம் பூசியிருந்தால் கேபின்காரர் என் செய்திருப்பார்? எழுத்தறியாத முதியோர் நிறத்தாலும் இடத்தாலுமே படங்களை அறிகின்றனர். ஆதலின் ஒருமுறை வைத்த இடத்தை மாற்றுதலும் தகாது. பல பேசிகளில் முகப்பு அமைப்பைப் பூட்டும் வசதி உண்டு, அதனைப் பூட்டிவிடுங்கள். பேரன் கை பட்டாலும் கலையாது.

முதியோர்க்கு வேறொரு நன்மையும் செய்யலாம். மகன், மகள், அண்டை வீட்டார் ஆகியோரின் எண்களை, அவரவர் முகப்படத்துடன் முகப்பிலேயே தனித்தனியே பதித்துவிடலாம். தொட்டவுடன் அழைப்புச் செல்லும். வாட்ஸப்பில் ஒருவரது உரையாடலைத் திறந்து, பட்டியலிலிருந்து அதனை முகப்பிற்குக் கொண்டுவரவும் இயலும். நான்கு முகங்கள், ஒரு கடிகாரம், வேறொன்றும் வேண்டா. பேசியின் மொழியையும் தமிழாக்கிவிடுங்கள். பூட்டிய திரையிலேயே ‘அவசரநிலை’ என்னும் சொல்லைத் தொட்டு 112-ஐ அழைக்கலாம். அவ்விடத்தில் இரத்த வகையையும் உறவினர் எண்ணையும் எழுதி வைத்தால், வழியிலே மயங்கி விழுந்தவரின் பேசியை எடுப்போர்க்கு அது துணையாகும்.

முகப்பை முற்றும் மாற்றித் தரும் செயலிகளும் கிடைக்கின்றன. நயாகரா என்பது வேண்டியவற்றை மட்டும் பட்டியலாகக் காட்டி, ஓரத்திலே அகரவரிசையை நிறுத்தும். இவற்றுள் நல்லனவும் உள. ஆயினும் பெயரறியாத ஒன்று, ‘அணுகல்தன்மை’ இசைவையும் குறுஞ்செய்தியைப் படிக்கும் இசைவையும் சேர்த்துக் கேட்குமாயின் உடனே மறுத்துவிடுங்கள். அவ்விசைவு பெற்ற செயலி திரையில் தோன்றுவதையெல்லாம் படிக்கவல்லது. வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணும் அதில் அடங்கும். பத்தாம் வகுப்போடு பணிக்கு வந்த நம் போன்றோர்க்குப் பேசியோடு வந்த முகப்பே போதுமானது என்பது நம் கருத்து.

மதிய உணவிற்குப் பின் நம் இளைஞர் நால்வர் இம்மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பர். முதியோர் தம் பேசிகளை அவர்களிடம் கொண்டு செல்லலாம். அதற்குமுன், தாம் அடிக்கடி அழைக்கும் நால்வர் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்க. மறைச்சொல்லை எவரிடமும் சொல்லாமல், தாமே அருகிலிருந்து திறந்து கொடுக்க.