ரிப்போர்ட்டில் 'ஹை' என்று வந்தால்...



முன்பெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவு ஒரு கவரில் வரும். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்லை, போயிட்டு வாங்க" என்பார். இப்போது ரிப்போர்ட் நேராக நம் போனுக்கே வந்துவிடுகிறது. அதுவும் பல நேரம் ராத்திரியில், கேட்க டாக்டர் இல்லாத நேரத்தில். திறந்து பார்த்தால் முப்பது வரியில் இரண்டு வரி மட்டும் தடித்த எழுத்து. பக்கத்திலேயே 'ஹை', 'லோ'. கண் அங்கேயே நின்றுவிடும். அடுத்த நிமிஷம் விரல் கூகுளுக்குப் போகும். அரை மணி நேரத்தில் உலகத்தில் உள்ள பெரிய வியாதி எல்லாம் நமக்கு இருப்பதுபோலத் தோன்றும்.

ரிப்போர்ட் நம் கைக்கே வருவது நல்ல விஷயம்தான். ஆனால் எண் வரும் வேகத்தில் விளக்கம் வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த ஒன்றிரண்டு நாளை எப்படிக் கடப்பது? அதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

முதலில், அந்த 'நார்மல்' அளவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆரோக்கியமாக உள்ள பலரின் ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். கிடைத்த எண்களை வரிசையாக அடுக்கி, மேலே இரண்டரை சதவீதம், கீழே இரண்டரை சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ள 95 சதவீதத்தை 'நார்மல்' என்று வைப்பார்கள். பெரும்பாலான பரிசோதனைகளுக்கு இதுதான் முறை. அப்படியென்றால், எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருப்பார்கள். இது ஒரு பரிசோதனைக்கான கணக்கு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்தால், ஆரோக்கியமான 100 பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது கோட்டைத் தாண்டியிருக்கும். முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு, ஒரு தடித்த எழுத்துகூட இல்லாமல் திரும்புகிறவர்கள்தான் குறைவு.

அடுத்தது, ரத்தம் எடுத்த விதமும் நேரமும்கூட எண்ணை மாற்றும். முந்தின நாள் ஜிம்மில் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தால் எஸ்.ஜி.ஓ.டி. கொஞ்சம் ஏறலாம். ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி, திரும்பத் திரும்ப விரலை மடக்கச் சொன்னால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். முடி வளர்வதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தைராய்டு முடிவு தப்பாக வரலாம். சிலருக்குக் குழாயில் எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதை எண்ணிக்கை குறைந்ததாகக் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்வார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, பள்ளிக்கூட ஆசிரியை. தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். கொஞ்சம் கூடுதலாக, 5.3 என்று வந்தது. டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒரு வாரத்தில் வேறு இரண்டு லேபுகளில் எடுத்துப் பார்த்தார். மூன்று லேபிலும் மூன்று எண். நார்மல் அளவும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு. தூக்கம் போனது, காசும் போனது. கடைசியில் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "இரண்டு மாசம் கழிச்சு, அதே லேபில், காலையில் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்மா." டி.எஸ்.எச். லேசாகக் கூடியிருந்து, வேறு தொந்தரவு இல்லையென்றால் பொதுவாக இப்படித்தான் செய்வார்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவர்கள் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதற்காகத் தடித்த எழுத்து எல்லாவற்றையும் தள்ளிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் கோடுகள் வேறு கணக்கில் போட்டவை. எந்த அளவைத் தாண்டினால் பின்னாளில் ஆபத்து கூடுகிறது என்பதைப் பார்த்து வைத்தவை அவை. மூன்று மாத சராசரி சர்க்கரை 5.7 முதல் 6.4 வரை வந்தால் பதற வேண்டாம். அதே நேரம் அலட்சியமும் வேண்டாம். சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்ய உடம்பு நமக்குக் கொடுக்கும் அவகாசம் அது.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். இந்த எண் போன வருஷமும் இதே அளவில்தான் இருந்ததா, இல்லை ஏறிக்கொண்டே வருகிறதா? டாக்டர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். அதனால் ரிப்போர்ட்டுகளை எல்லாம் போனில் ஒரே ஃபோல்டரில், தேதி போட்டு வையுங்கள். அடுத்து, கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். "இது எனக்கு எவ்வளவு முக்கியம்? மறுபடி எடுக்கணுமா, எப்போது? அதுவரைக்கும் நான் எதைக் கவனிக்கணும்?" இந்த மூன்றும் போதும். பிறகு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் டாக்டரிடமோ காட்டுங்கள். உடனே போக முடியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள். காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்திருந்தாலோ, எங்காவது ரத்தக்கசிவு இருந்தாலோ, கண் மஞ்சளாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். லேபிலிருந்தே போன் செய்து டாக்டரைப் பார்க்கச் சொன்னால், அதையும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. டாக்டர் பார்த்து, "ஒண்ணும் இல்லை" என்று சொன்ன பிறகும் சிலருக்கு மனசு அடங்காது. மறுபடி கூகுள், மறுபடி லேப். தேடியதும் ஒரு மணி நேரம் நிம்மதி. பிறகு பயம் திரும்பி வரும். தேடத் தேட அந்தப் பயம் வளரும். இது உங்கள் பலவீனம் கிடையாது, 'சும்மா கற்பனை' என்று மற்றவர்கள் ஒதுக்க வேண்டியதும் கிடையாது. உடல்நலம் பற்றிய இந்தப் பதற்றத்துக்கும் சிகிச்சை இருக்கிறது. தூக்கமும் வேலையும் இதனால் கெட்டுக்கொண்டே போனால், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தவித்தால், "உனக்கு ஒண்ணும் இல்லை, சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எண்ணை நீங்களே போட்டுக் கொடுங்கள்.

ரிப்போர்ட் என்பது டாக்டரோடு பேச்சைத் தொடங்க ஒரு தாள். தீர்ப்பு அதில் எழுதியில்லை. இன்று ராத்திரி ஒரு ரிப்போர்ட் வந்தால், கேள்வியை எழுதிவைத்துவிட்டு போனை வைத்துவிடுங்கள். நாளைக் காலையில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.