விளையாட்டுப் பொருள்கள் பேசும் கலை

இறகுப்பந்தை நாமெல்லோரும் அறிவோம். 16 இறகுகளும் ஒரு தக்கையும் சேர்ந்த அதன் எடை 5 கிராம் அளவே. சிறு காற்றுக்கும் திசை மாறிவிடும். அத்தகைய பந்து ஏறக்குறைய 18 அடி உயரமும் இரண்டரை டன் எடையும் கொண்டு புல்தரையில் கிடந்தால் எவ்வாறிருக்கும்?

அமெரிக்காவிலுள்ள கான்ஸஸ் நகரத்தில், நெல்சன்-அட்கின்ஸ் கலைக்கூடத்தின் வெளியில் அப்படி நான்கு பந்துகள் இருக்கின்றன. கிளேஸ் ஓல்டன்பர்க், கூஷா வான் புருகன் என்னும் தம்பதியர் 1994-ல் அவற்றை அமைத்தனர். தூண்கள் நிற்கும் அந்தக் கம்பீரமான மாளிகையையே அவர்கள் ஆட்டத்தின் வலையாகக் கருதினர். அதனால்தான் ஒரு புறத்தில் மூன்று பந்துகளும் மறுபுறத்தில் ஒன்றும் இருக்கின்றன. கலைக்கூடம் கேலிக்குள்ளாயிற்றே என்று முதலில் சிலர் சினந்தனர். பின்னர் அவையே அந்நகரத்தின் அடையாளமாயின.

கடைத்தெருவிலும் வீட்டிலும் நாம் பார்த்தும் பாராமல் விடும் பொருள்களைக் கலையாக்குவதே 'பாப்' கலையின் இயல்பு. அது முதலில் நம்மை நகைக்க வைக்கிறது. நகைப்பு அடங்கியபின் ஒரு வினாவையும் எழுப்புகிறது. அவ்வினா எத்துணைக் கூரியதாகலாம் என்பதற்கு, அந்த இயக்கத்துக்குப் பின்வந்த இருவரின் படைப்புகள் சான்றாகும்.

கூடைப்பந்தாட்டத்தில் வளையத்தின் உயரம் 10 அடி. டேவிட் ஹாமன்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர் 1986-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஒரு பூங்காவிலே ஐந்து கம்பங்களை நாட்டினார். அவற்றின் உயரமோ 20 முதல் 30 அடி வரை! உச்சியில் பலகையும் வளையமும் இருந்தன. கம்பங்களின் மேலெல்லாம் ஆயிரக்கணக்கான புட்டி மூடிகளை அழகிய கோலங்களாகப் பதித்திருந்தார். 'உயர்ந்த இலக்குகள்' என்பது அதன் பெயர்.

எவ்வளவு எம்பினாலும் எட்டாத வளையம் எதற்கு? பந்தாட்டம் ஒன்றே வறுமையிலிருந்து மீட்கும் என்று நம்பிய கறுப்பினச் சிறுவர்களை எண்ணியே அவர் அதனைச் செய்தார். அவ்வழியில் கரையேறுவோர் மிகச் சிலரே. ஏனையோர் கல்வி முதலிய வேறு இலக்குகளையும் நாட வேண்டாமா? அந்தப் பெயர் நையாண்டியாகவும் அறிவுரையாகவும் ஒருங்கே ஒலிப்பதை நாம் உணர்கிறோம்.

கனடாவின் பூர்வகுடி மரபில் வந்த பிரையன் ஜங்கன், மைக்கேல் ஜார்டனின் பெயர் தாங்கிய விலையுயர்ந்த காலணிகளை வாங்கித் தையல் பிரித்தார். அத்துண்டுகளைக் கொண்டு, அந்நாட்டின் வடமேற்குக் கடற்கரைப் பழங்குடியினரின் சடங்கு முகமூடிகளைப் போன்ற உருவங்களைத் தைத்தார். 1998 முதல் 2005 வரை அவர் உருவாக்கியவை 23; ஜார்டனின் சட்டையில் இருந்த எண்ணும் அதுவே. காலணி கடையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. முகமூடி காட்சிசாலையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. இரண்டையும் நாம் வியந்து நோக்குகிறோம். அவற்றைச் செய்த கைகளையோ மறந்துவிடுகிறோம்.

இக்கலைஞர்கள் விளையாட்டைப் பழிக்கவில்லை. விளையாட்டின் பெயரால் நமக்கு விற்கப்படும் கனவையே எடைபோட்டுக் காட்டுகின்றனர். நம் தெருக்களிலும் சிறுவர்கள் மட்டையும் பந்துமாக மாலை முழுவதும் ஆடுகின்றனர். அந்த மகிழ்ச்சி அவர்களுக்கு வேண்டும். ஆயினும், வீரர் ஒருவரின் பெயர் பொறித்த மட்டைதான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிக்கும்போது, புரூக்ளினில் நின்ற அந்த உயர்ந்த கம்பங்களை நாம் ஒருகணம் நினைத்துக்கொள்வது நன்று.