கிராமத்துக்குப் போகும் மாணவர்: போலேலா முதல் இங்வாவுமா வரை



ஆண்டுதோறும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மருத்துவ மாணவர்கள் சில வாரக் களப்பயிற்சிக்காக ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போகிறார்கள். திரும்பியதும் சேவை செய்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஊர்ப் பேச்சு புரியாத, ஊசி போடவே கை நடுங்குகிற பிள்ளையால் ஊருக்கு என்ன ஆகப்போகிறது? சுகாதார நிலையத்தில் இருக்கிற ஒரே நர்ஸம்மாவின் காலைப்பொழுது, வந்த பிள்ளைக்கு விளக்கம் சொல்வதிலேயே கழிந்துவிடும். உள்ளதைச் சொன்னால், அங்கே கொடுப்பது கிராமம், வாங்கிக்கொள்வது மாணவர். வாங்கியதை யாரிடம், எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவில், அன்றைய நேட்டால் மாகாணத்தில், டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் இருக்கிறது போலேலா. ஜூலு மக்கள் வாழும் பகுதி. அந்நாளில் ஆண்கள் சுரங்க வேலைக்கும் நகர வேலைக்கும் போய்விடுவார்கள்; திரும்பி வரும்போது காசநோயும் மேகநோயும் கூடவே வரும். 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். வருகிற நோயாளிக்கு மருந்து கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறார்கள், எந்த ஊற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், எந்தக் குழந்தை இறந்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். 1942இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 275 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த இடம் அது. 1950 வாக்கில் அந்த எண்ணிக்கை 100 அளவுக்கு இறங்கியது.

எப்படி இறங்கியது என்பதில்தான் சுவாரசியம். கார்க் தம்பதிக்குப் பின் நிலையத்தைப் பார்த்துக்கொண்ட ஜான் கேசல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மக்கள் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே தின்றார்கள். அதுவே பாட்டன் காலத்துச் சாப்பாடு என்று நம்பினார்கள். அது தப்பு என்று எந்த டாக்டரும் பிரசங்கம் செய்யவில்லை. ஊர்க் கிழவர்களையும் கிழவிகளையும் உட்காரவைத்துப் பழைய காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். சிறுதானியம், காட்டுக்கீரை, கிழங்கு, தாராளமாகப் பால் என்று அவர்கள் வாயிலிருந்தே வந்தது. மக்காச்சோளம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பயிர். அந்தப் பேச்சுக்குப் பிறகு தோட்டம் போடச் சொல்வது எளிதாயிற்று.

பால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அன்றைய வழக்கப்படி, ஒரு குலத்து மாட்டின் பாலை அந்தக் குலத்தார்தான் குடிக்கலாம். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டு மாட்டின் பால் கிடையாது. தகப்பன் அவளுக்கென்று ஒரு மாடு கொடுத்தால்தான் உண்டு. கர்ப்பிணிக்கு இன்னும் கட்டுப்பாடு. பால் தேவைப்படுகிறவளுக்குத்தான் பால் இல்லை. வழக்கத்தோடு யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. பால்மாவு கொண்டுவந்து கொடுத்தார்கள். பாலிலிருந்து வந்ததுதான் என்று தெரிந்தும் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள்; அது எந்தக் குலத்து மாட்டின் பாலும் இல்லையே! எந்தப் பாடப்புத்தகத்தில் இது இருக்கிறது, சொல்லுங்கள்.

1957இல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு போலேலாவுக்கு வந்து சில மாதம் தங்கினார். அவரால் போலேலாவுக்குக் கிடைத்தது சொற்பம். போலேலா அவருக்குக் கொடுத்தது, நோயின் வேர் வீட்டிலும் வயலிலும் இருக்கிறது என்ற பார்வை. ஊருக்குத் திரும்பிய கைகர், 1960களில் கவுன்ட் கிப்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து பாஸ்டனிலும், மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் ஊரான மௌண்ட் பாயுவிலும் சுகாதார நிலையங்கள் தொடங்கினார். பசியால் வாடிய குழந்தைகளுக்கு அங்கே மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைக் காட்டினால் மளிகைக் கடையில் சாமான், கணக்கு மருந்தகத்தின் பேரில். மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. மருந்தகப் பணம் நோய்க்கு மருந்து வாங்கத்தானே, சத்துக்குறைவுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு என்ன மருந்து என்று கேட்டார் கைகர். இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஏழைகள் போகிற சமூகச் சுகாதார நிலையங்களுக்கு அந்த இரண்டு நிலையங்கள்தான் தொடக்கம்.

கொடுத்த ஊரின் கதை வேறு. 1948இல் வந்த இனஒதுக்கல் அரசுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. ஆதரவு வற்றியது, 1950களின் இறுதியில் கார்க் தம்பதி நாட்டை விட்டே போய்விட்டார்கள். டர்பனில் 1951இல் திறந்த, வெள்ளையரல்லாதோருக்கான மருத்துவக் கல்லூரி அவர்கள் பணியோடு நெருங்கிய தொடர்புடையது. அதில் ஆப்பிரிக்க மாணவர்களோடு நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். ஆனாலும் கற்றுக்கொடுத்த போலேலாவுக்கு, மிசிசிப்பி அளவுக்குக்கூடப் பலன் திரும்பவில்லை.

பிற்பாடு சில ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களையே கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கின. கென்யாவில் எல்டோரெட் நகரின் மொய் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கிராம நிலையங்களுக்குப் போகிறார்கள். கானாவின் வடபகுதியில், 1992இல் தொடங்கிய வளர்ச்சிக்கல்விப் பல்கலைக்கழகம், பல துறை மாணவர்களைக் கலந்து குழுவாக்கி ஊரிலேயே தங்க வைத்தது. வந்தவருக்கு ஊர்மொழியோ பக்கத்து மொழியோ தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு மாணவரைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு இன்னும் பிடித்தது இங்வாவுமா. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நேட்டால் மாகாணத்தின் வடகோடி, மொசாம்பிக் எல்லைக்கு அருகே. அங்குள்ள மோஸ்வோல்ட் மருத்துவமனையில் வெளியூர் டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள், நிலைக்கவில்லை. 1999இல் ஆண்ட்ரூ ராஸ் என்ற மருத்துவர் திசையையே மாற்றினார். வெளியிலிருந்து மாணவரை வரவழைப்பதற்குப் பதிலாக உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, மருத்துவம், செவிலியம், மருந்தியல் படிக்க அனுப்பும் திட்டம். விண்ணப்பிக்கும் பிள்ளை முதலில் அந்த மருத்துவமனையில் தொண்டு வேலை செய்து, அந்தச் சூழல் தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். படிக்கும்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்து அதே வார்டில் பயிற்சி. முடித்தபின், உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு சொந்தப் பகுதியில் வேலை.

இந்த ஏற்பாட்டில் நர்ஸம்மா செலவழித்த காலைப்பொழுதுக்குக் கணக்கு நேராகிறது. அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளை, சில வருடத்தில் அதே வார்டுக்கு டாக்டராக வந்து நிற்கும்.