ஓரக்கண்ணுக்கு மட்டும் தெரியும் கேலக்ஸி

வானம் பார்ப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் கேலக்ஸி ஒன்று உண்டு. பெயர் எம்74. மீன ராசியில், சுமார் 3 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1780-ல் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் மெஷான் கண்டுபிடித்தார். படத்தில் சுருள் சுருளாக அத்தனை அழகு. சின்னத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால்? ஒன்றும் தெரியாது!

காரணம், இருக்கிற வெளிச்சத்தை, ஒரு கரண்டி மாவில் ஊற்றிய பெரிய தோசை மாதிரி, மெல்லிசாகப் பரப்பி வைத்திருக்கிறது. ஜான் ஹெர்ஷல் மாதிரி பெரிய வானியலாளரே இதை உருண்டையான நட்சத்திரக் கூட்டம் என்று தவறாக எழுதிவைத்தார்.

இதைப் பார்க்க நிலா இல்லாத இரவு, ஊர் வெளிச்சம் படாத இடம் வேண்டும். அரை மணி நேரம் இருட்டில் கண்ணைப் பழக்க வேண்டும். நடுவில் செல்போனை எடுத்தால், மறுபடி முதலிலிருந்து! பிறகு நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது, சுற்றிலும்தான். தொலைநோக்கிக் குழாயை லேசாகத் தட்டிவிடுங்கள். அசைவதைக் கண் சட்டென்று பிடிக்கும். முதலில் நடுப்புள்ளி, அப்புறம் சுற்றிலும் சாம்பல் புகை. சுருள் கைகள் தெரிய 10, 12 அங்குலத் தொலைநோக்கியாவது வேண்டும்.

நவம்பர் இறுதியில் எம்74 இரவு ஒன்பது மணி வாக்கில் உச்சிக்கு வரும். நம்மூரில் அப்போது மழைக்காலம். அதனால் ஜனவரியில், இருட்டியதும் பார்த்துவிடுங்கள்.