இன்று போ, மகனே



பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறு, முதல் ஆண்டில், மத்தேயு நற்செய்தி 21-ஆம் அதிகாரத்திலிருந்து இரு புதல்வர் உவமை வாசிக்கப்படுகிறது. மிகச் சிறிய கதை. இன்று திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வேலை செய் என்கிறார் தந்தை. முதல் மகன் முகத்துக்கு நேராக மறுக்கிறான். பிறகு மனம் மாறிப் போகிறான். அடுத்தவன் பணிவாகத் தலையாட்டுகிறான்; போகவே இல்லை. எருசலேம் கோவிலில் தலைமைக் குருக்களிடமும் மூப்பர்களிடமும் இயேசு இதைச் சொன்னார்.

இரண்டாம் மகனைச் சற்றுக் கவனியுங்கள். தந்தையை 'ஐயா' என்கிறான். நம் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அக்கம்பக்கத்தார் மெச்சுவார்கள். கிரேக்க மூலத்தில் இங்கே உள்ள சொல் 'கீரியே'. அதற்கு 'ஐயா' என்றும் பொருள், 'ஆண்டவரே' என்றும் பொருள். நம் பாட்டனார் காலத்தில் பூசையின் தொடக்கத்தில் 'கீரியே எலெய்சோன்' என்று பாடினார்களே, அதே சொல். ஆக, அவன் வாயில் இருப்பது செபமொழி.

அவன் வேண்டுமென்றே பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. சொன்ன நேரத்தில் போகத்தான் நினைத்திருப்பான். 'சரி' என்று சொன்னதிலேயே பாதி வேலை முடிந்த நிறைவு வந்திருக்கும். அன்பியக் கூட்டத்துக்கு அழைத்தால் "கண்டிப்பா வர்றோம் சாமி" என்று நம் மக்களும் சொல்வார்கள். மாலையில் போய்ப் பார்த்தால் உபதேசியாரும் நானும் மட்டும் இருப்போம். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

சிரிக்க முடியாததும் உண்டு. பாகப்பிரிவினையில் ஒரு முழ நிலத்துக்காகப் பல ஆண்டுகள் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் இல்லாத பங்கு எது? இருவரும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறார்கள். ஒருவர் முன்வரிசையில், மற்றவர் தூணோரம். பிறர் குற்றங்களை மன்னிப்பதாகத் தந்தையிடம் சத்தமாகச் சொல்கிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் சமாதானம் பகிரும்போது ஒருவர் வலப்பக்கம் திரும்பினால் மற்றவர் இடப்பக்கம் திரும்புகிறார். பிறகு நற்கருணை வாங்க வந்து 'ஆமென்' என்கிறார்கள். அந்த எபிரேயச் சொல்லுக்கு 'அது உறுதி, அப்படியே ஆகட்டும்' என்று பொருள்.

அப்படிப்பட்ட ஒரு அண்ணனிடம், தம்பி மகளின் திருமணத்துக்குப் போங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "அதை மட்டும் சொல்லாதீங்க சாமி, நான் போகமாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. காயம் எங்கே இருக்கிறது என்று மறைக்காமல் காட்டிய மனிதர் அவர். திருமணத்தன்று தாமதமாக வந்தார். மணமகளின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு ஓரமாக நின்றார். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பந்தியில் அவருக்கு இலை போட்டவர் அந்தத் தம்பிதான்.

முதல் மகன் மறுத்ததற்கும் போனதற்கும் நடுவில் என்ன நடந்தது? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. நாம் அன்றாடம் செய்யும் செபங்களுக்கு அந்த இடைவெளியில்தான் வேலை என்று நான் எண்ணுகிறேன். மாலையில் வீட்டில் செபமாலை சொல்கிறோம். ஐம்பது முறை மரியாவை வாழ்த்துவதற்குள், காலையில் கசந்த ஒரு கட்டளை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். இறைமகனுக்கே கெத்சமனியில் ஓர் இரவு தேவைப்பட்டது. துன்பக் கிண்ணம் அகலக்கூடாதா என்று கேட்டார், மும்முறை செபித்தார், அதன்பின் எழுந்து போனார். அவர் சிலுவைச் சாவை ஏற்கும் அளவுக்குக் கீழ்ப்படிந்தார் என்று பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய பகுதியைத் திருச்சபை இந்த உவமையோடு அதே ஞாயிறில் வாசிக்கத் தருகிறது.

செபிப்போம். தந்தையே, முடியாது என்று நேற்று உம்மிடம் சொன்னவர்களும், போகிறேன் என்று சொல்லி மறந்தவர்களும் உம் முன் நிற்கிறோம். எங்களில் யார், யாருடைய வீட்டு வாசலுக்குப் போக வேண்டும் என்பது உமக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். இன்று எங்களை அனுப்பும். ஆமென்.