ஹார்பர் ரயிலில் அபிசீனியா

இன்றைக்கு மும்பையில் ஒரு சின்ன ரயில் பயணம் போகலாம். ஏறும் இடம் கிங்ஸ் சர்க்கிள்.

இந்த இடத்தைத் தெரியாத மும்பைத் தமிழர் இருக்க மாட்டார். நடுவில் வட்டமாக ஒரு பூங்கா. மகேஷ்வரி உத்யான் என்று பெயர் மாறியும் வாயில் வருவது கிங்ஸ் சர்க்கிள்தான். சுற்றிலும் வண்டிகள் ஓயாது. கபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கும் கூட்டம். கொஞ்சம் தள்ளி மாட்டுங்கா சந்தையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் முழம் போட்டு அளக்கும் மல்லிகையும். சண்முகானந்தா அரங்கில் கச்சேரி இருந்தால் மாலையில் பட்டுப்புடவைகளின் வரிசை. நான் சொல்ல வந்தது இதெல்லாம் அல்ல. இந்த ரயில் பாதையோரத்தில் ஆப்பிரிக்காவின் கதை ஒன்று கிடக்கிறது.

தெற்கே போகும் ஹார்பர் லைன் வண்டியில் ஏறினால் அடுத்தது வடாலா ரோடு, அதற்கடுத்தது சிவ்ரி. குளிர்காலத்தில் இங்கே சேற்றுக் கழியில் பூநாரைகள் வந்து மேயும். அவற்றைப் பார்க்கத்தான் பலர் இறங்குகிறார்கள். பின்னால் மேட்டில் ஒரு சிறிய கல்கோட்டை இருக்கிறது. 1689இல் ஒரு நள்ளிரவில் இந்தச் சிவ்ரிக் கரையில் படை இறக்கியவர் சித்தி யாகூத் கான். முருட் பக்கம் கடலுக்குள் இருக்கும் ஜஞ்சிராத் தீவுக்கோட்டையின் தலைவர், அவுரங்கசீப்பின் கடற்படைத் தளபதி, ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர். அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பம்பாயை ஆண்ட ஜான் சைல்டு முகலாயர் கப்பல்களைப் பிடித்துவைத்து வம்பை விலைக்கு வாங்கியிருந்தார். சிவ்ரி விழுந்தது, மஜ்காவ் விழுந்தது, மாஹிமும் போயிற்று. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வடக்கே பொடிநடையாகப் போனால் சயான் குன்றின் மேல் ஒரு கோட்டை தெரியும். ஜெரால்டு ஆஞ்சியர் கவர்னராக இருந்தபோது, 1669க்கும் 1677க்கும் இடையில் கட்டியது. அதுவும் தீவைக் காக்கவில்லை. ஆங்கிலேயர் தெற்கு மூலையில் தங்கள் கோட்டைக்குள் முடங்கிக் கிடந்தார்கள்.

யார் இந்தச் சித்திகள்? ஹப்ஷி என்றும் சொல்வார்கள். அபிசீனியாக்காரர், இன்றைய எத்தியோப்பியர். அந்தத் தேசம் லேசுப்பட்டதல்ல. அக்சும் அரசர்கள் சொந்தமாகத் தங்கக்காசு அடித்தவர்கள். லாலிபெலாவில் பாறையை மேலிருந்து கீழே குடைந்து எழுப்பிய பதினொரு தேவாலயங்கள் இருக்கின்றன. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை புரியும். அந்த நாட்டிலிருந்தும் அதைச் சுற்றிய நிலங்களிலிருந்தும் பிடித்து விற்கப்பட்ட அடிமைகள் செங்கடல் தாண்டித் தக்காணத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் சாப்பு என்ற சிறுவன். கைமாறிக் கைமாறி அகமதுநகர் சுல்தானகத்துக்கு வந்து மாலிக் அம்பர் ஆனார். அரசரைப் பெயருக்கு உட்காரவைத்துவிட்டு நாட்டை ஆண்டார். பின்னாளில் அவுரங்காபாத் ஆன கட்கி நகரத்தை நிறுவினார். 1626இல் சாகும்வரை முகலாயருக்கு முள்ளாகவே இருந்தார்.

முகலாயப் பாதுஷா ஜஹாங்கீருக்கு அம்பர் மேல் இருந்த கோபத்தை ஒரு சித்திரத்தில் பார்க்கலாம். டப்ளினில் இருக்கிறது, அபுல் ஹசன் வரைந்தது. உருண்டையான பூமியின் மேல் பாதுஷா நின்று வில்லை வளைக்கிறார். எதிரே ஈட்டியில் செருகிய அம்பரின் தலை. களத்தில் கிடைக்காத தலையை ஓவியன் எடுத்துக் கொடுத்தான்! ஹாஷிம் என்ற இன்னொரு ஓவியர் வரைந்த அம்பர் வேறு மாதிரி: வெள்ளை உடை, இடுப்பில் வாள், பக்கவாட்டில் முகம், அலட்டல் இல்லாத கம்பீரம். இந்தப் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவ்ரியைத் தாண்டி காட்டன் கிரீன், ரே ரோடு, பிறகு டாக்யார்டு ரோடு. ஸ்டேஷனை ஒட்டிய பண்டார்வாடா குன்றில் இப்போது பூங்கா. அங்கேதான் மஜ்காவ் கோட்டை இருந்தது. கம்பெனியார் அவுரங்கசீப்பிடம் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டிய பிறகுதான் யாகூத் கான் 1690 ஜூனில் கிளம்பினார். போகிறபோது மஜ்காவ் கோட்டையை இடித்துவிட்டுப் போனார். ஓர் ஆப்பிரிக்கர் முன்னால் கம்பெனி மண்டியிட்டது எத்தனை பாடப்புத்தகங்களில் வருகிறது?

குன்றிலிருந்து கிழக்கே பார்த்தால் துறைமுகம். 177 ஆண்டுகள் கழித்து இதே நீரிலிருந்து கப்பல்கள் எதிர்த்திசையில் போயின. எத்தியோப்பியப் பேரரசர் தெவோத்ரோஸ், விக்டோரியா ராணிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்று ஆங்கிலத் தூதர் முதலியவர்களைச் சிறைவைத்தார். அவர்களை மீட்கப் பம்பாய்ப் படையின் தளபதி ராபர்ட் நேப்பியர் புறப்பட்டார். சுமார் 13,000 சிப்பாய்கள், அதற்கு மேல் கூலியாட்கள், பழக்கிய யானைகள் 44. செங்கடல் கரையில் இறங்கி, சுமார் 640 கிலோமீட்டர் மலையேறி மக்தலாக் கோட்டைக்குப் போனார்கள். ஏப்ரல் 10ஆம் தேதிச் சண்டைக்குப் பிறகு கைதிகளைத் தெவோத்ரோஸ் விட்டுவிட்டார். ஆனாலும் 1868 ஏப்ரல் 13ஆம் தேதி கோட்டையைத் தாக்கினார்கள். அரசர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அந்தத் துப்பாக்கி ராணி அன்பளிப்பாக அனுப்பியது.

அதற்கப்புறம் நடந்தது கொள்ளை. கிரீடம், பூசைக் கலசங்கள், கீஸ் மொழிக் கையெழுத்துச் சுவடிகள் என்று வாரிக்கொண்டார்கள். சுமந்துபோக 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன. வழியில் ஒரு சமவெளியில் இரண்டு நாள் ஏலம். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆள் கூடவே வந்திருந்தார், ஏலம் எடுக்க! சுவடிகளில் சுமார் 350 இன்று லண்டனில். தாபோத் எனப்படும் பலிபீடப் பலகைகள் பதினொன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எத்தியோப்பியக் குருமார் தவிர யாரும் அவற்றைப் பார்க்கக்கூடாது என்பதால் காட்சிக்கே வைப்பதில்லை. காட்ட முடியாததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கிரீடம், 1740 வாக்கில் மெந்தேவாப் மகாராணி கொண்டார் நகரத்தின் பக்கத்து மாதாகோயிலுக்குச் செய்வித்தது, தங்கத்தில் வெள்ளியும் செம்பும் கலந்து, அடுக்கடுக்காக, அப்போஸ்தலர் உருவங்கள் புடைத்து நிற்க, எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மாலிக் அம்பரின் படம் இருக்கும் அதே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்.

நம்மவர்களும் அந்தப் படையில் உண்டு. மதராஸ் சாப்பர்ஸ், பட்டாளத்தில் 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படுபவர்கள், மக்தலா வாசல்வரை போனார்கள். வாசலை உடைக்கப் போன பொறியாளர் அணி வெடிமருந்தையும் ஏணியையும் கொண்டுவர மறந்துவிட்டது என்பது போரில் ஒரு வேடிக்கை. சம்பளத்துக்குப் போன சிப்பாயைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் திருடுபோன பத்தூர் நடராஜர் லண்டனிலிருந்து திரும்பியபோதும் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தபோதும் மகிழ்ந்தோமே, அடிஸ் அபாபாக்காரர் அதையே கேட்கும்போது, அந்தச் சுமையை ஏற்றிவந்தவை நம் யானைகள் என்பதும் கணக்கில் வரவேண்டும். 2019இல் தெவோத்ரோஸின் தலைமுடிக் கற்றை லண்டனிலிருந்து திரும்பிப் போயிற்று. அவருடைய மகன் அலெமாயெஹு, பதினெட்டு வயதில் இங்கிலாந்தில் இறந்த சிறுவன், இன்னும் வின்ட்சரில்தான் புதைந்திருக்கிறான். உடலைத் தரச்சொல்லிக் கேட்டதற்கு அரண்மனை 2023இல் முடியாது என்றுவிட்டது.

ஜஞ்சிராவைக் காண ஆசையிருந்தால் டாக்யார்டு ரோடிலேயே இறங்குங்கள். பக்கத்தில் பாவ்ச்சா தக்கா படகுத்துறை. ரேவஸுக்குப் படகு, அங்கிருந்து சாலை வழியாக முருட், ராஜபுரியில் மீண்டும் பாய்மரப் படகு. மராத்தியர் பலமுறை மோதியும் விழாத கோட்டை அது; 1948இல்தான் சித்தி அரசு இந்தியாவோடு சேர்ந்தது. வாசல் சுவரில் யானைகளைக் காலால் அமுக்கிப் பிடித்திருக்கும் ஒரு சிங்கத்தைச் செதுக்கியிருக்கிறார்கள், படகுக்காரர் காட்டுவார். மழைக்காலத்தில் படகு கிடையாது. தை, மாசியில் போங்கள், குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.